பின் இருக்கையில் ஒருவர்

ஞாயிற்றுக்கிழமை காலை ஒன்பதரை மணிக்கு என் சொந்தக் காருக்குள் நான் மாட்டிக்கொண்டேன். யாரும் பிடித்துத் தள்ளவில்லை. நானே ஏறி, நானே கதவைச் சாத்தி, நானே பூட்டினேன். திறக்கத்தான் வழி தெரியவில்லை.

இதில் மானம் போகிற விஷயம் என்னவென்றால், மாட்டிக்கொண்டவர்களை வெளியே எடுப்பதுதான் என் பிழைப்பு. நான் லிஃப்ட் மெக்கானிக். இரண்டு மாடிக்கு நடுவே நின்றுபோன பெட்டிகளிலிருந்து இருபத்திரண்டு வருடமாக ஆட்களை இறக்கிவிடுகிறேன். போன் வந்தால் முதலில் சொல்ல வேண்டிய வசனம் ஒன்று இருக்கிறது. "பயப்படாதீங்க. காத்து வந்துக்கிட்டேதான் இருக்கும். கதவத் தள்ளாதீங்க. நான் வந்துட்டிருக்கேன்." சாப்பாட்டில் கை வைத்திருந்தாலும் இதைச் சொல்லிவிட்டுத்தான் எழுந்திருப்பேன். கேட்டுக் கேட்டு என் மனைவிக்கே அது மனப்பாடம்.

காரைப் பற்றி முதலில் சொல்லிவிடுகிறேன். இல்லாவிட்டால் நான் ஏன் அதற்குள் போனேன் என்பது புரியாது.

ஒன்றரை வருடத்துக்கு முன் ஒரு பல் டாக்டரிடம் வாங்கினேன். அவருடைய கிளினிக் இருக்கும் கட்டடத்து லிஃப்டைப் பார்த்துக்கொள்வது நான்தான். தரைக்கு அடியில் இருக்கும் பார்க்கிங்கில், லிஃப்ட் குழிக்குள் இறங்கி வேலை செய்துவிட்டு முழங்கைவரை கிரீஸோடு தலையைத் தூக்கினால், கண்ணுக்கு நேரே அந்தக் கார் நிற்கும். கறுப்பு. நல்ல நீளம். கதவைச் சும்மா ஒட்டிவைத்தால் போதும், மிச்சத்தை அதுவே இழுத்து மூடிக்கொள்ளும். உள்ளே தோல் இருக்கை, நிஜமான மரப் பலகை. எந்தக் கட்டடத்துக்குப் போனாலும் பின்வாசல் வழியாகவே நுழைந்து பழகியவனுக்கு, அதைப் பார்த்துப் பார்த்து ஏக்கம் பிடித்துவிட்டது. டாக்டர் அதை விற்கப்போகிறார் என்று தெரிந்ததும் எனக்கு இருப்புக்கொள்ளவில்லை.

மூன்று லட்சத்துப் பன்னிரண்டாயிரம் கிலோமீட்டர் ஓடிய வண்டி. கேட்டவர்களெல்லாம் தலையில் அடித்துக்கொண்டார்கள். ஆனால் டாக்டர் ஒரு சர்வீஸ் புத்தகத்தை என் கையில் கொடுத்தார். முதல் பக்கத்திலிருந்து கடைசிப் பக்கம்வரை முத்திரைதான். அங்கேதான் நான் விழுந்தேன். எங்கள் தொழிலில் லிஃப்டின் வயதை யாரும் கேட்க மாட்டோம், பதிவேட்டைத்தான் கேட்போம். பதிவேடு ஒழுங்காக இருந்தால் முப்பது வயது லிஃப்டில்கூடப் பச்சைக் குழந்தையை ஏற்றி அனுப்பலாம். காருக்கும் அதே சட்டம்தான் என்று நினைத்த மடையன் இந்த உலகத்தில் நான் ஒருவனாகத்தான் இருப்பேன்.

வாங்கின கையோடு, கம்பெனியில் மிச்சமிருந்த லிஃப்ட் பதிவேடு ஒன்றை எடுத்துவந்து காருக்கென்று வைத்துக்கொண்டேன். தேதி, வேலை, சுமை, சிக்கிய நேரம், மீட்ட நேரம் என்று ஐந்து கட்டம். கடைசி இரண்டும் காருக்குத் தேவைப்படாது, அதில் ஒரு கோடு இழுத்துவிடுவேன். காலிக் கட்டம் மட்டும் என் பதிவேட்டில் இருக்கக் கூடாது. எனக்கு அது ஆகவே ஆகாது.

எங்கள் வீடு நாலாவது மாடி. கட்டடத்தில் லிஃப்ட் கிடையாது. லிஃப்ட்காரன் வீட்டுக்கு லிஃப்ட் இல்லை என்று தெருவே சிரித்து ஓய்ந்துவிட்டது. என் மனைவி வீட்டிலேயே துணி தைப்பவள். இருபது வருடம் மெஷினை மிதித்ததில் வலது முழங்கால் தேய்ந்தது, பிறகு இடதும் அதோடு சேர்ந்துகொண்டது. தைத்து முடித்த துணியைக் கயிறு கட்டிய கூடையில் வைத்து ஜன்னல் வழியாக இறக்குவாள். காய்கறியும் மருந்தும் அதே கூடையில் ஏறி வரும். கூடை தினமும் கீழே போய்வந்தது. அவள் போகவில்லை. லிஃப்ட் உள்ள வீட்டுக்குக் குடிபோவதற்காக நாங்கள் சேர்த்துவைத்த பணம்தான் காராக மாறி வாசலில் நின்றது.

"உனக்காகத்தான் வாங்கினேன்," என்றேன் அன்று. "பைக்ல உக்காந்தா கால மடக்க முடியலன்னு சொன்னியே."

அவள் ஜன்னலில் எட்டிப் பார்த்தாள். "நல்லாத்தான் இருக்கு. கார் வாசல்ல நிக்குது. வாசலுக்கு நான் எப்படி வர்றது?"

நான் அசடு வழிந்துகொண்டு துடைக்கிற துணியைத் தேடப் போய்விட்டேன்.

பிறகு கார் தன் வேலையைக் காட்டத் தொடங்கியது. ஸ்பிரிங்குக்குப் பதிலாகக் காற்றுப் பை வைத்த வண்டி அது. காலையில் போய்ப் பார்த்தால் பின்பக்கம் தரையோடு தரையாக உட்கார்ந்திருக்கும். ஸ்டார்ட் செய்தால் முனகிக்கொண்டே எழுந்திருக்கும். பையை மாற்றினேன், காற்றடிக்கும் பம்ப் போனது. பம்பை மாற்றினேன், அதற்குக் கரண்ட் கொடுக்கும் பெட்டி போனது. ஒரு கதவு மழையில் திறக்காது, இன்னொரு கதவு வெயிலில் மூடாது. விடுமுறை நாளெல்லாம் நான் அதற்கு அடியிலேயே படுத்துக் கிடந்தேன். விட்டுவிடலாம் என்றால், அதுவரை போட்டதெல்லாம் வீண் என்று தோன்றும். அதனால் இன்னும் கொஞ்சம் போடுவேன்.

ஒரு மெக்கானிக் கிடைத்தார். எதைக் கேட்டாலும் "பாத்துக்கலாம்" என்பார். அதனால் அவருக்குப் பெயரே பாத்துக்கலாம். முதல் நாளே வண்டியை ஒரு சுற்றுச் சுற்றிவந்து சொன்னார்.

"அண்ணே, இதப் பிரிச்சு வித்தா காசு. சேத்து வெச்சா செலவு. எப்ப மனசு வருதோ அப்ப ஒரு போன் போடுங்க."

எனக்குச் சுருக்கென்று கோபம் வந்தது. நல்லா நடமாடுகிற மனுஷனைப் பார்த்து, கிட்னியை எப்போது தருவீர்கள் என்று கேட்ட மாதிரி இருந்தது.

இன்னொன்றும் சொன்னார். "கியர்பாக்ஸ் ஆயில மட்டும் தொட்டுடாதீங்க. இத்தன வருஷமா யாரும் மாத்தல. இப்ப உள்ள இருக்கிற அழுக்குதான் அதுக்குப் பிடிமானம். அழுக்க எடுத்தா வழுக்கும்."

டாக்டரின் புத்தகத்தைப் புரட்டினால் அது உண்மைதான். எல்லாவற்றுக்கும் முத்திரை இருந்தது. கியர்பாக்ஸ் ஆயில் என்ற கட்டம் மட்டும் காலி. மாற்றத் தேவையே இல்லை என்று வண்டி செய்தவர்களே சொன்ன ஆயிலாம். நானோ லிஃப்ட் மோட்டாரின் கியர் ஆயிலை நாள் தவறாமல் மாற்றுகிறவன். அந்தக் காலிக் கட்டம் என் கண்ணை உறுத்திக்கொண்டே இருந்தது. மூன்று மாதம் கையைக் கட்டிக்கொண்டு இருந்தேன். அதற்கு மேல் கை அரித்தது. ஒருநாள் நானே வண்டிக்கு அடியில் நுழைந்து, கரியாக இருந்த ஆயிலை வடித்துவிட்டுத் தேன் நிறத்தில் புதியதை ஊற்றினேன். பதிவேட்டிலும் அழகாக எழுதிவைத்தேன்.

இரண்டு வாரத்தில் பலன் தெரிந்தது. அரைமணி நேரம் ஓடி வண்டி சூடானால் போதும், இன்ஜின் மட்டும் கத்தும், வண்டி நகராது. ஆறினால் ஒன்றுமே நடக்காத மாதிரி ஓடும். அதையும் எழுதினேன். "சூடானால் கியர் வழுக்குகிறது. காரணம்: நான்." என் பதிவேட்டில் பொய் இருக்காது.

அவள் கடைசியாகக் கீழே இறங்கியது ஐந்து மாதத்துக்கு முன், ஆஸ்பத்திரிக்கு. திரும்பி ஏறும்போது இரண்டாவது மாடியில் படியிலேயே உட்கார்ந்து அழுதாள். அதற்குப் பிறகு இறங்குகிற பேச்சையே எடுக்கவில்லை. அந்தச் சமயத்தில்தான் நான் போய்வருகிற கட்டடம் ஒன்றில் ஒரு வீடு காலியானது. ஐந்தாவது மாடிதான், ஆனால் லிஃப்ட் உண்டு. அதை ஓடவைப்பதே நான். அங்கே இருக்கும் மேனேஜர் எனக்காக வீட்டை யாருக்கும் கொடுக்காமல் பிடித்துவைத்திருந்தார். "ஞாயித்துக்கிழம சாயந்தரம் வரைக்கும்தான். அதுக்கு மேல என் கையில இல்ல," என்று சொல்லிவிட்டார். கார் விற்றால் அந்த வீடு. விற்காவிட்டால் அவளுக்கு நாலாவது மாடியும் கூடையும்தான்.

வாடகைக் கார் ஓட்டுகிற ஒருவர் ஞாயிறு பத்து மணிக்கு வந்து பார்ப்பதாகச் சொன்னார். பத்து நிமிடம் ஓட்டிப் பார்ப்பார். பத்து நிமிடத்தில் கியர் வழுக்காது. பதிவேட்டில் கியரைப் பற்றி எழுதிய அந்த ஒரு பக்கம் மட்டும் இல்லாமல் இருந்தால் போதும். அதைக் கிழிக்கத்தான் ஒன்பதரைக்கு நான் வண்டிக்குள் போனேன்.

யாரும் பார்த்துவிடக் கூடாதென்று கதவைச் சாத்தி ரிமோட்டை அமுக்கினேன். நாலு கதவும் ஒரே சத்தத்தில் பூட்டிக்கொண்டன. அடுத்த நொடி இருந்த விளக்கெல்லாம் அணைந்தது. ராத்திரி பூராவும் பம்ப் தானாக ஓடிப் பேட்டரியைக் குடித்திருக்கிறது. மிச்சமிருந்த கடைசி மூச்சில் பூட்டை மட்டும் போட்டுவிட்டு அது செத்துப்போனது. ரிமோட்டில் பூட்டினால் உள்ளே இருக்கும் கைப்பிடி வேலை செய்யாத ரகம் அந்த வண்டி. திருடன் கண்ணாடியை உடைத்துக் கையை விட்டாலும் திறக்கக் கூடாதாம். ஜன்னலோ கரண்டில் இறங்குவது. கண்ணாடி இரண்டு அடுக்கு, குத்தினால் கைதான் வலிக்கிறது. ரிமோட்டுக்குள் ஒரு இரும்புச் சாவி ஒளிந்திருக்கிறது, ஆனால் அதை நுழைக்கிற துளை வெளியே இருக்கிறது. லிஃப்டில்கூட இவ்வளவு பொல்லாத்தனம் கிடையாது.

முதலில் பக்கத்தைக் கிழித்தேன். வந்த வேலையை முடிக்க வேண்டுமே. பிறகு பாத்துக்கலாமுக்குப் போன் போட்டேன். எடுக்கவில்லை. வேறு வழியில்லாமல் வீட்டுக்குப் போட்டேன்.

"எங்க இருக்கீங்க?" என்றாள்.

"கீழதான். காருக்குள்ள. கதவு திறக்க மாட்டேங்குது. இன்னொரு சாவி அலமாரில இருக்கு பாரு. அதக் கூடையில போட்டு இறக்கிவிடு. வழியில போற யாரையாவது கைகாட்டித் திறக்கச் சொல்றேன்."

முன் கண்ணாடியில் நெற்றியை ஒட்டி அண்ணாந்து பார்த்தேன். நாலாவது மாடி ஜன்னலில் அவள் தலை தெரிந்தது. அவளுக்குக் கறுப்புக் கூரை மட்டும்தான் தெரிந்திருக்கும்.

"உள்ள காத்து வருதா?"

"வெயில் ஏறிட்டே இருக்கு. சீக்கிரம் இறக்கு."

"கூடை வேணாம். நானே வரேன்."

"பைத்தியமா உனக்கு? அந்தக் கால வெச்சுக்கிட்டு எப்படி இறங்குவ?"

"பயப்படாதீங்க," என்றாள். "காத்து வந்துக்கிட்டேதான் இருக்கும். கதவத் தள்ளாதீங்க. நான் வந்துட்டிருக்கேன்."

சிரித்துக்கொண்டு சொன்னாளா, குத்திச் சொன்னாளா என்று பிடிபடவில்லை. போனை அணைக்காமல் கையிலேயே வைத்துக்கொண்டாள். வீட்டுக் கதவு சாத்தும் சத்தம் கேட்டது.

சத்தத்தை வைத்தே கோளாறைச் சொல்லிவிடுவான் என்று தொழிலில் எனக்குப் பேர். ரோலர் தேய்ந்திருக்கிறதா, கம்பிக் கயிறு தளர்ந்திருக்கிறதா, மூடிய கதவுக்கு வெளியே நின்றே சொல்வேன். அந்தக் காதால் அன்றைக்குத்தான் அவளைக் கேட்டேன். ஒரு படிக்கு ஒரு சத்தம் இல்லை, மூன்று. முதலில் கைப்பிடிக் கம்பியில் மோதிரம் உரசும். பிறகு இடது கால். பிறகு வலது காலை அதே படிக்கு இழுத்து வைப்பாள். அதற்கப்புறம் ஒரு பெருமூச்சு. ஒரு மாடிக்குப் பதினெட்டுப் படி, நாலு மாடிக்கு எழுபத்திரண்டு. நான் இரண்டிரண்டாகத் தாவி ஏறுகிற படிகள்.

"பதினெட்டு," என்றாள். அப்புறம் கொஞ்ச நேரம் மூச்சு வாங்குவது மட்டும் கேட்டது.

உள்ளே அனல் கூடிக்கொண்டே போனது. தோல் இருக்கை சட்டையோடு ஒட்டிக்கொண்டது. ஒன்றரை வருடமாக ஆசை ஆசையாகத் துடைத்த மரப் பலகையை ஓங்கி உதைத்தேன். அது விரிசல்கூட விடவில்லை.

"முப்பத்தாறு. இங்கதான் அன்னிக்கு உக்காந்தேன்."

"உக்காரு. ஒண்ணும் அவசரமில்ல."

"உக்காந்தா எந்திரிக்க மாட்டேன்."

அந்த நேரம் பார்த்து வாடகைக் கார்க்காரர் வந்து சேர்ந்தார். வண்டியைச் சுற்றிவந்தார். கூரையைத் தடவினார். வேர்த்து வழிந்துகொண்டு உள்ளே ஒரு ஆள் இருப்பதைப் பார்த்ததும் துள்ளிப் பின்னால் குதித்தார். அவர் என்னவோ கேட்டார், என் காதில் விழவில்லை. அவ்வளவு உசத்தியான கண்ணாடி. நான் பூட்டைக் காட்டினேன், மாடியைக் காட்டினேன், சாவி திருப்புகிற மாதிரி கையை ஆட்டினேன். அவர் வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தார். சிரித்து முடித்துவிட்டு, மடியில் இருந்த பதிவேட்டைக் கைகாட்டினார். ஒவ்வொரு பக்கமாகக் கண்ணாடியில் ஒட்டிக் காட்டினேன். என் எழுத்தைப் பார்த்துப் புருவத்தை உயர்த்தினார், கட்டைவிரலைத் தூக்கினார். கிழித்த பக்கம் என் தொடைக்கு அடியில் இருந்தது.

"எழுபத்திரண்டு," என்றது போன்.

அவள் வாசலில் வந்து நின்றாள். வெயில் பட்டதும் கண்ணைச் சுருக்கினாள். ஐந்து மாதமாக அந்த முகத்தில் வெயிலே படவில்லை என்பது அப்போதுதான் எனக்கு உறைத்தது. வீட்டுக்குள் போடுகிற செருப்போடு, முதலில் சுவரைப் பிடித்து, பிறகு காரைப் பிடித்து வந்தாள். சாவியை நுழைத்துத் திருப்பினாள். கதவு திறந்தது. தடுமாறி நான் வெளியே வந்தபோது, தொடையில் ஒட்டியிருந்த தாளும் கூடவே வந்து அவள் காலடியில் விழுந்தது.

"அது என்ன சார்?" என்றார் வந்தவர்.

பழைய பில் என்று சொல்லியிருக்கலாம். நாக்கு நுனிவரைக்கும் வந்தது. சொல்லியிருந்தால் அன்று சாயந்தரமே அவளுக்கு லிஃப்ட். ஆனால் ஓரம் பிய்ந்து கிடந்த என் கையெழுத்தைப் பார்க்க எனக்கு உடம்பெல்லாம் கூசியது. குனிந்து எடுத்து அவரிடமே நீட்டினேன்.

"சூடானா கியர் வழுக்கும். நான்தான் கெடுத்தேன். உங்ககிட்ட மறைக்கப் பாத்தேன்."

அவர் நின்று நிதானமாகப் படித்தார். "நல்ல மனுஷன் சார் நீங்க," என்று என் தோளில் தட்டிவிட்டுப் போய்விட்டார். காரைப் பற்றி ஒரு வார்த்தை பேசவில்லை.

எனக்கு நெஞ்சு லேசாகிவிட்டது. கொஞ்சம் பெருமையோடுதான் அவள் பக்கம் திரும்பினேன். அவள் முகத்தைப் பார்த்ததும் அந்தப் பெருமை போன இடம் தெரியவில்லை.

"அப்ப அந்த வீடு?" என்றாள்.

நான் காருக்குள் விழுந்து கிடந்த பதிவேட்டை எடுத்து இருக்கையில் வைத்தேன்.

"எழுபத்திரண்டு படி இறங்கி வந்து உங்கள வெளிய விட்டேன். விட்ட உடனே நல்லவராயிட்டீங்க. சந்தோஷம். உங்க நேர்மைக்கு இப்ப யாரு படி ஏறணும்? நானா?"

"பொய் சொல்ல மனசு வரலம்மா."

"புஸ்தகத்துல இருக்கிறதுக்குத்தான் உங்களுக்கு மனசு வராது. உனக்காகத்தான் வாங்கினேன்னு சொன்னீங்களே, அத எழுதி வெக்கல பாருங்க, அதனால அந்தப் பொய் சுலபமா வந்துடுச்சு."

திறந்திருந்தது அந்த ஒரு கதவுதான். அவள் டிரைவர் சீட்டில் மெல்ல உட்கார்ந்து, இரண்டு காலையும் வெளியே நீட்டிக்கொண்டாள். பக்கத்தில் கிடந்த பதிவேட்டை எடுத்துப் பின்னோக்கிப் புரட்டினாள். ஐந்து மாதத்துக்கு முந்தைய தேதியில் விரல் நின்றது. வாய்விட்டுப் படித்தாள்.

"ஆஸ்பத்திரி போய்வந்தது. பதினான்கு கிலோமீட்டர். இடது பின்கதவில் லேசான சத்தம், ரப்பர் மாற்ற வேண்டும். சுமை: பின் இருக்கையில் ஒருவர்." நிமிர்ந்து பார்த்தாள். "யாரு இந்த ஒருவர்?"

"சுமைக் கட்டத்துல அப்படித்தான் எழுதுவோம். எத்தன பேருன்னு."

"கதவுல வந்த சத்தம் கேட்டிருக்கு. அன்னிக்குப் போற வழி, வர்ற வழி பூரா நான் முனகிட்டே வந்தேன். அது கேக்கல." பதிவேட்டை மடியில் வைத்தாள். "நான் இனிமே மேல ஏற மாட்டேன். சும்மா சொல்லல. என்னால முடியாது, முடிஞ்சாலும் மாட்டேன்."

என் கையில் போன் அடித்தது. பாத்துக்கலாம்தான்.

"கூப்ட்டீங்களாண்ணே? என்ன, மனசு வந்துடுச்சா?"

"மனசு வரல. வீட்டுல இறங்கி வந்துட்டாங்க. வண்டியப் பிரிச்சுக்கோங்க. ஆனா காசு இன்னிக்கே வேணும். சாயந்தரத்துக்குள்ள."

"ஞாயித்துக்கிழமையா இருக்கே," என்று இழுத்தார். "சரி, பாத்துக்கலாம்."

வைத்துவிட்டார். அந்த ஆள் பாத்துக்கலாம் என்று சொன்னால் நடந்ததும் உண்டு, நடக்காததும் உண்டு. நான் மேலே ஜன்னலைப் பார்த்தேன். கூடை காற்றில் ஆடிக்கொண்டிருந்தது.

"பேனா கொடுங்க," என்றாள்.

சட்டைப் பையிலிருந்து எடுத்துக் கொடுத்தேன். புதிய பக்கத்தைத் திருப்பினாள். துணியில் அளவு குறிக்கிற மாதிரி நிதானமாக எழுதினாள். தேதிக் கட்டத்தில் அன்றைய தேதி. வேலை என்ற இடத்தில், "இறங்கினேன்." சுமை என்ற இடத்தில், "நான்." சிக்கிய நேரம் என்ற கட்டத்தில், நான் அந்தக் காரை வாங்கிய தேதியைப் போட்டாள். மீட்ட நேரம் என்ற கடைசிக் கட்டத்தை அப்படியே காலியாக விட்டுப் பேனாவை மூடினாள்.

பதிவேட்டை என்னிடம் நீட்டினாள்.

"இதுல கோடு கீடு இழுக்காதீங்க," என்றாள். "நேரத்தப் போட்டுட்டு வாங்க. நான் இங்கயேதான் உக்காந்திருப்பேன்."